அப்பாவு மேல் வைத்த சொல்

காசிமேட்டுக் குப்பத்தில் அவனுக்கு அப்பாவு என்று ஒரு பெயர் இருந்ததே பாதிப் பேருக்கு மறந்துபோயிற்று. அப்பாவு வீடு எது என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். கேடி வூடு என்று கேட்டுப் பாருங்கள், நண்டு பிடிக்கிற குழந்தைகூட விரலை நீட்டும். பெற்றவள் ஆசையாக வைத்த பெயரை எங்கிருந்தோ வந்த ரெண்டெழுத்து தின்றுவிட்டுப் போனது என்றால், இதை எந்தக் கோவிலில் போய் முறையிடுவது!

இத்தனைக்கும் அவன் திருடனில்லை. அடுத்தவன் வலையிலிருந்து ஒரு மத்தி மீனைக்கூட எடுத்தவனில்லை. அவனைக் கெடுத்தது குப்பத்துக் கட்டு. கடல் கரையில் ஒதுக்கிப் போடுகிற பொருளை யார் முதலில் தொட்டுத் தன் பெயரை உரக்கச் சொல்கிறானோ அது அவனுக்கு. அப்படித் தொட்டதைப் பிறகு தொடவில்லை என்று மறுக்கக் கூடாது. மறுத்தால் கடலம்மா கையை மூடிக்கொள்வாள். இதுதான் கட்டு. யுத்த காலத்தில் கடலம்மா தாராளமாகத்தான் கொடுத்தாள். கப்பலிலிருந்து துறைமுகத்துக்கு இறக்குகிற அவசரத்தில் என்னென்னவோ தண்ணீரில் விழுந்தது. ஒரு தடவை தேக்குக் கட்டை ஒதுங்கியது. அப்புறம் ஒரு தார்ப்பாய் மூட்டை. கடைசியாக, ரொட்டி டின்கள் அடைத்த மரப்பெட்டி ஒன்று. மூன்றையும் முதலில் தொட்டவன் அப்பாவு. அவன் கண் அப்படி.

ஒவ்வொரு தடவையும் போலீஸ் வந்தது. "எவன்டா எடுத்தது?" என்று கேட்டது. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு மணலைப் பார்த்து நின்றபோது இவன் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான்.

"நான்தான் சார் மொதல்ல தொட்டேன். எம்பேரு அப்பாவு."

கோர்ட்டில் கேட்டார்கள். அங்கேயும் அதையேதான் சொன்னான். மறுத்துத் தொலையடா பாவி என்று வக்கீல் குமாஸ்தா கண்ணைக் காட்டினார். இவன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். கடலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்திருப்பான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? ரொட்டியைத் தின்றது குப்பம், ஜெயிலுக்குப் போனது அப்பாவு.

மூன்றாம் தடவை பிடித்தவர் போலீஸ் இன்ஸ்பெக்டர் டாயல் துரை. ராயபுரம் பக்கத்தில் அவர் பெயரைச் சொன்னால் நாய்கூடக் குரைக்காது. சிவந்த முகம், பெரிய மீசை, வாய்நிறையக் கொச்சைத் தமிழ். அப்பாவு ஜெயிலிலிருந்து திரும்பிய அன்று அவனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு மேலும் கீழும் பார்த்தார். தடித்த புத்தகம் ஒன்றில் என்னவோ எழுதினார். பிறகு அவன் தோளில் பிரம்பை வைத்துக்கொண்டு, "இனிமே நீ கேடி மேன். தெரியுமா? கேடி," என்று சிரித்தார். அவ்வளவுதான். சொல் அன்றைக்கு அவன்மேல் விழுந்தது.

அன்று தொடங்கி விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு தரம், ஊர் அடங்கினபின் ஒரு தரம், அவன் வீட்டில்தான் இருக்கிறானா என்று பார்க்கப் போலீஸ்காரர் வந்து கதவில் தடியால் தட்டுவார். "கேடி! கீறியா?" என்பார். அப்பாவு எழுந்து வந்து முகத்தைக் காட்டி, "கீறேன் சார்" என்று சொல்லவேண்டும். ஸ்டேஷன் எல்லையைத் தாண்டினால் சொல்லிவிட்டுப் போகவேண்டும். இரவு மீன்பிடிக்கப் போகலாமா என்று ஒருநாள் ஸ்டேஷனில் கேட்டான். "நீ கடல்ல கீறியா இல்லியான்னு பாக்க எவன்யா அங்க வந்து கதவத் தட்டறது?" என்றார்கள். ஸ்டேஷன் முழுக்கச் சிரிப்பு.

கடலோடிக்கு இரவில் கடல் இல்லையென்றால் அவன் யார்? பகலில் கரையோரம் தன் சின்னக் கட்டுமரத்தில் போய் தூண்டில் போடுவான். அது கறிக்கும் ஆகாது, காசுக்கும் ஆகாது. மற்றவர்கள் தங்கள் படகில் அவனை ஏற்றமாட்டார்கள். கேடி ஏறின படகைப் போலீஸ் நிறுத்திக் குடைந்து எடுக்கும் என்று பயம். அவனுடைய பெண்டாட்டி கன்னியம்மாதான் மற்றவர்கள் பிடித்த மீனைக் கூடையில் வாங்கித் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினாள். கடலைப் பார்த்துக்கொண்டே கரையில் உட்கார்ந்திருக்கிற புருஷனைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். ஆனால் ஒரு நாளும் அவனை அவள் அந்தச் சொல்லால் கூப்பிட்டதில்லை.

கன்னியம்மாவின் தம்பி சுப்புராயன் எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரக்குப்பத்தில் இருந்தான். புதுப்படகு ஒன்று கட்டியிருந்தான். தை பிறந்ததும் அக்காளைப் பார்க்க வந்தவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மாமு, எம்படகுல ஒரு எடம் கீது. ஒனக்குன்னுதான் வச்சிக்கினு கீறேன். சித்திரைக்கு அத கடல்ல எறக்கறோம். அதுக்குள்ள அந்தப் பேர மட்டும் எப்டியாச்சும் கழட்டிட்டு வந்துடு. கூட வர்றவங்க ஒத்துக்க மாட்டேன்றாங்க. நான் இன்னா செய்வேன்?"

"வந்துடறேன்டா," என்றான் அப்பாவு. சட்டையைக் கழற்றுகிற மாதிரி சுலபமாகச் சொல்லிவிட்டான்.

ஆனால் யோசித்துப் பார்த்தபோது அவனுக்கு ஒரு வழி தெரியத்தான் செய்தது. குப்பத்தில் வலைக்கு யாராவது வாய் வைத்துவிட்டால், அதாவது "அம்மாடி, எவ்வளவு மீனு!" என்று வயிற்றெரிச்சலோடு சொல்லி, மறுநாளிலிருந்து வலை வெறுமனே வந்தால், மந்திரவாதியிடம் போகமாட்டார்கள். வாய் வைத்தவனையே தேடிப் பிடித்துக் கூட்டிவருவார்கள். அவன் வலையைத் தொட்டு, "நான் வச்சத நானே எடுத்துக்கினேன்" என்று சொல்லவேண்டும். எந்த வாய் வைத்ததோ அந்த வாய்தான் எடுக்கவேண்டும். வேறு யார் எடுத்தாலும் போகாது. தன்மேல் இருப்பதும் அப்படி வைத்த சொல்தான் என்று அப்பாவு முடிவு கட்டினான். வைத்தது துரைதான். ஆனால் துரையிடம் போக யாருக்குத் தைரியம் வரும்? சொல் துரையுடையதாக இல்லாமலும் இருக்கலாமே! துரை தமிழ் பேசுவார், உருது பேசுவார், கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்வார். இந்தச் சொல்லை அவர் யாரிடமிருந்து எடுத்தாரோ, அவர்கள் எடுத்துக்கொண்டால் போதாதா? இப்படித்தான் அவன் புத்தி போயிற்று. பயந்தவன் புத்தி சுற்றுவழியில்தான் போகும்.

முதலில் ராயபுரத்தில் ஜட்கா வண்டி ஓட்டுகிற மஸ்தான் பாயிடம் போனான். பாய் குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், கேடின்றது எந்த ஊரு வார்த்த?"

"அரே, அது எங்க வார்த்தை பா!" என்றார் பாய், சந்தேகமே இல்லாமல். "ஜெயில்ல போட்டு வச்சவனை நாங்க கைதீன்னு சொல்வோம். அதைத்தான் இந்த ஜனங்க கடிச்சுத் துப்பிக் கேடின்னு ஆக்கி வச்சிருக்கு. பேஜார் புடிச்ச ஜனங்க."

"அப்ப நீயே எடுத்துக்க பாய்."

பாய்க்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவு விவரமாகச் சொன்னான். கேட்டுவிட்டுப் பாய் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் தலையில் வைத்து, முணுமுணுவென்று ஓதி ஊதினார். "எடுத்துக்கிட்டேன் தோஸ்து. போ, நிம்மதியா இரு," என்றார். அப்பாவு தரையில் கால் படாமல் வீட்டுக்கு வந்தான். விளக்கு வைத்தார்கள். கதவில் தடி தட்டியது. "கேடி! கீறியா?"

சரி, பாயுடைய சொல் இல்லை. மறுநாள் மளிகைக்கடை வெள்ளத்துரை அண்ணாச்சியிடம் போனான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். தமிழென்றால் அவருக்குத் தனி ரோசம்.

"உருதாவது ஒண்ணாவது! எவன் சொன்னான்?" என்று தராசைக் கீழே வைத்தார். "கேடுன்னு நம்ம பாஷையிலே சொல்லு இருக்குல்லா? அதுலேருந்து வந்தது வே. கேடு செய்யுதவன் கேடன். பொம்பளைன்னா கேடி. ஒன்ன ஏன் பொம்பளையாக்கி வச்சிருக்கானுவன்னுதான் எனக்கு வெளங்கல."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான்?

"தமிழ்னா நீங்க பெரியவங்க அண்ணாச்சி. நீங்க எடுத்துக்கினேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"நானா வச்சேன்? நான் எதுக்குவே எடுக்கணும்?" என்றார் அண்ணாச்சி சட்டென்று. பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். தானும் அவனை நாலு பேருக்கு நடுவில் 'ஏ கேடி' என்று எத்தனையோ தடவை கூப்பிட்டது அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். ஒரு வெல்லத் துண்டை எடுத்து அவன் கையில் வைத்தார். "சரி, எடுத்துக்கிட்டேன். இனிமே என் வாயிலே அது வராது," என்றார். வரவும் இல்லை. அவர் நல்ல மனிதர். ஆனால் அன்று மாலையும் கதவில் தடி தட்டத்தான் செய்தது.

இதற்கிடையில் மீன் ஏலம் போடுகிற இடத்தில் நெல்லூர்க் கூலிக்காரன் ஒருவன், தங்கள் ஊரிலும் தெலுங்கில் கேடி என்றுதான் சொல்வார்கள் என்று சொல்லிவைத்தான். அப்பாவுக்குத் தலை சுற்றியது. ஒரு சொல்லுக்கு இத்தனை ஊரா, இத்தனை பாஷையா! எல்லோரும் எங்களுடையது என்கிறார்கள், எடுத்துக்கொள் என்றால் எடுத்தும் கொள்கிறார்கள், சொல்மட்டும் அவன்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அநாதைக் குழந்தைக்குக்கூட இத்தனை சொந்தக்காரர் இருக்கமாட்டார்கள்.

வேறு வழியில்லாமல் ஸ்டேஷனுக்கே போனான். சுதந்திரம் வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஸ்டேஷன் வாசலில் புதுக்கொடி பறந்தது. உள்ளே பழைய ரைட்டர்தான் உட்கார்ந்திருந்தார். ஓயாமல் வெற்றிலை மெல்லுகிறவர், பொறுமைசாலி.

"சார், வெள்ளக்காரந்தான் போய்ட்டானே. நான் இன்னும் கேடியா சார்?"

"கொடிதான்யா மாறிச்சு. புக்கு அப்டியேதான் கீது."

"அந்தக் கேடி எந்த பாஷ சார்? பாய் ஒண்ணு சொல்றாரு, அண்ணாச்சி ஒண்ணு சொல்றாரு."

ரைட்டர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். "ரெண்டு பேருக்கும் தெரியாது. அது இங்கிலீஷு. ரெண்டே எழுத்து. கே, டி. நோன் டெப்ரடேட்டர்."

"அப்டின்னா?"

"நோன்னா தெரிஞ்சவன்."

"தெரிஞ்சவனா? அது நல்ல வார்த்ததானே சார்?"

"மீதியக் கேளு. டெப்ரடேட்டர்னா..." ரைட்டர் நிறுத்தினார். காதைக் குடைந்தார். "திருடன்னா தீப்பு. கொள்ளக்காரன்னா டெக்காய்ட்டு. இது ரெண்டுமில்ல. வேற என்னமோ. நானும் இத்தினி வருசமா எழுதிக்கினு கீறேன், கெட்டவன்னு வச்சிக்கயேன். அர்த்தம் அந்தத் தொரைக்குத்தான் வெளிச்சம்."

அர்த்தம் எழுதுகிறவருக்கும் தெரியவில்லை, சுமக்கிறவனுக்கும் தெரியவில்லை. அப்பாவு அதற்காக ஆத்திரப்படவில்லை. அவனுக்கு வேண்டியது வேறு.

"இத எப்டி சார் எடுக்கறது?"

"டாயல் தொரதானே போட்டாரு? அவரே 'இவன் திருந்திட்டான், விட்டுடலாம்'னு ஒரு வரி எழுதித் தந்தா மேல அனுப்பி மூடிடலாம். வேற எவன் கை வைப்பான்? நாளைக்கி ஹார்பர்ல எதுனா களவு போனா அவன் தலையில்ல உருளும்?"

அப்பாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ரைட்டரைக் கையெடுத்துக் கும்பிட்டான். குப்பத்துக்கு ஓடி, கூடை முடைந்துகொண்டிருந்த கன்னியம்மாவின் எதிரில் மூச்சு வாங்க நின்றான்.

"நான் சொன்னது சரியாப் போச்சு கன்னிம்மா! வச்ச வாய்தான் எடுக்கணுமாம். சர்க்காருக்கும் அதே கட்டுதான்! பாயி எடுத்தா எப்டிப் போவும்? அண்ணாச்சி எடுத்தா எப்டிப் போவும்? தொர எடுக்கணும்."

"தொரையாண்ட போறதுக்கு பயமா இல்லியா ஒனக்கு?"

"பயந்தான். இப்ப வேற வழி கீதா?"

விடிந்ததும் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு டாயல் துரையின் வீட்டுக்குப் போனான். வாசலில் கட்டில், பீரோ, பறவைக் கூண்டு எல்லாம் கிடந்தன. ஒருவன் அவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். சமையற்காரி செல்லம்மா படியில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"தொர இல்லீங்களா?"

"தொரயும் அம்மாவும் காத்தாலயே ஹார்பருக்குப் போய்ட்டாங்க. சீமைக்கே போறாங்க, இனிமே வர மாட்டாங்க. கப்பலு மத்தியானம் கெளம்புது. பன்னண்டு வருசம் ஆக்கிப் போட்டேன், எங்கிட்ட போய்ட்டு வரேன்னுகூட..." என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவன் அதைக் கேட்க அங்கே நிற்கவில்லை.

துறைமுக வாசலில் நின்ற போலீஸ்காரர் வேறு யாருமில்லை, தினமும் கதவைத் தட்டுகிறவர்களில் ஒருவர். "கேடிய ஹார்பருக்குள்ள வுட்டுட்டு நான் வூட்டுக்குப் போறதா? நல்லாக் கீதே!" என்றார். அப்பாவு கெஞ்சினான், காலில் விழுந்தான். துரையை ஒரே ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றான். கெஞ்சக் கெஞ்ச அவருக்குச் சந்தேகம்தான் வலுத்தது. பிடரியில் கை வைத்துத் தெருவில் தள்ளினார்.

கடலோடியை வாசலில் மறிக்கலாம். கடலில் எங்கே மறிப்பது? அப்பாவு குப்பத்துக்கு ஓடினான். கப்பல் துறைமுக வாயைத் தாண்டினதும் வழிகாட்டிக்கொண்டு வந்த பைலட்டுத் துரையை அவருடைய படகில் இறக்கிவிட வேகத்தைக் குறைக்கும். அந்தச் சமயத்தில் கட்டுமரம் கிட்டே போய்விடலாம். கட்டுமரங்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு இருந்தது. இருந்தால் என்ன? இன்றைக்கு விட்டால் அந்த வாய் ஏழு கடலுக்கு அப்பால் போய்விடும்.

கன்னியம்மா கூடையைப் போட்டுவிட்டு வந்தாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவனோடு சேர்ந்து மரத்தை அலைக்குள் தள்ளினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, "எழுத்துகூட வேணாம்யா! எடுத்துக்கினேன்னு வாயால ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும்! அத வாங்கிக்கினு வா!" என்று கத்தினாள்.

கப்பல் வெளியே வந்தது. வெள்ளையும் கறுப்பும் அடித்த பெரிய கப்பல், மேல்தட்டு முழுக்க ஜனங்கள். பைலட்டுத் துரை நூலேணியில் இறங்கும்போது அப்பாவு துடுப்பை வெறி பிடித்தாற்போல் போட்டுப் பக்கத்தில் போய்விட்டான். அண்ணாந்து பார்த்தான். அத்தனை உயரத்தில் எல்லா முகமும் ஒரே மாதிரி சிவப்பாகத் தெரிந்தது. பிறகு மீசையைப் பார்த்தான்.

"தொர! டாயல் தொர!"

கரகரத்த குரல், கடலில் கூப்பிட்டுப் பழகின குரல். துரை எட்டிப் பார்த்தார்.

"நான்தான் தொர! அப்பாவு! நீ எம்மேல வச்சியே, அத எடுத்துக்கினு போ தொர! எடுத்துக்கினேன்னு சொல்லு! ஒரே வார்த்த தொர!"

இன்ஜின் இரைச்சலில் எவ்வளவு கேட்டதோ! மேல்தட்டிலிருந்தவர்கள் சிரித்துக்கொண்டே காசை விட்டெறிந்தார்கள். கட்டுமரக்காரன் முழுகிக் காசை எடுத்துக் காட்டுவான், அது கப்பலில் போகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை. காசுகள் அவனைச் சுற்றித் தண்ணீரில் விழுந்து இறங்கின. அவன் அவற்றைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு மேலேயே பார்த்தான்.

அப்போதுதான் துரைக்கு அவனை அடையாளம் தெரிந்தது. அடடா, அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்லவேண்டுமே! வாழ்நாளெல்லாம் இருந்த ஊரை விட்டுப் போகிற மனிதர் அவர். வழியனுப்ப ஒருவர்கூட வரவில்லை. தான் ஜெயிலுக்கு அனுப்பின ஒருவன் கடலில் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்து கும்பிடுகிறான்! துரை தொப்பியைக் கழற்றி ஆட்டினார். பக்கத்தில் இருந்தவர்களிடம் கையைக் காட்டி என்னவோ சொன்னார். அவர் கண் கலங்கியிருந்ததைக்கூட அப்பாவு பார்த்தான். பிறகு வாயில் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, உயிரைக் கொடுத்துக் கத்தினார்.

"கேடி! குட்பை, கேடி!"

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. "கேடி! கேடி!" என்று கைக்குட்டையை வீசிக் கத்தின. அம்மாமார்களும் சேர்ந்து சிரித்துக்கொண்டே கத்தினார்கள். அவர்கள் ஒருவருக்கும் மனதில் கெட்ட எண்ணமில்லை. அப்பாவு, "அது இல்ல தொர, அது இல்ல!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டான். இன்ஜின் வேகமெடுத்தது. தண்ணீர் புரண்டு வந்து மரத்தை ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டது. அவன் தட்டுத்தடுமாறி நிமிர்வதற்குள் கப்பல் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. கத்துகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

அவன் மரத்திலேயே உட்கார்ந்து அழுதான். ஆண்பிள்ளை அழலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். வேறென்ன செய்திருக்கவேண்டும் அவன்? எந்தக் கதவைத் தட்டாமல் விட்டான்? வைத்தவர் அதை எடுக்காமல் போனதுகூடப் பரவாயில்லை. என்ன வைத்தோம் என்பதே தெரியாமல் அன்பாகக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாரே, அதை நினைக்க நினைக்கத்தான் அவனுக்கு ஆறவில்லை.

கரையில் கன்னியம்மா அதே ஈரச்சேலையோடு நின்றாள். மரம் மணலைத் தொடுவதற்கு முன்பே தண்ணீருக்குள் ஓடிவந்து அதைப் பிடித்தாள்.

"பாத்தியா? தொர இருந்தாரா? எடுத்துக்கினாரா?"

அப்பாவு அவள் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்துக்கு எதிரில் உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"எடுத்துக்கினாரு," என்றான்.

அவ்வளவுதான், அவள் அங்கேயே மணலில் விழுந்து கடலைக் கும்பிட்டாள். எழுந்து ஓடினாள். எண்ணூருக்குப் போகிற மீன்காரி ஒருத்தியைப் பிடித்து, "எந்தம்பி சுப்புராயனாண்ட சொல்லு, மாமு சித்திரைக்கு வராரு, எடத்த யாருக்கும் குடுத்துடப் போறான்," என்று சொல்லி அனுப்பினாள். அண்ணாச்சி கடையில் புளியும் மிளகாயும் வாங்கினாள். நல்ல வஞ்சிரமாகப் பார்த்து வாங்கிக் குழம்பு வைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சொல்லிச் சொல்லி அவள் குரல் கம்மிப்போயிற்று. அப்பாவு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பான். அவள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். மூடிக்கொள்வான்.

விளக்கு வைத்தார்கள். மணலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கதவில் தடி தட்டியது.

"கேடி! கீறியா?"

கன்னியம்மா கையில் கரண்டியோடு வெளியே பாய்ந்தாள். அவளை அப்படி ஒரு கோபத்தில் குப்பம் பார்த்ததில்லை.

"யாருய்யா கேடி? மரியாதயாப் பேசு! தொர எடுத்துக்கினு பூட்டாரு! ஸ்டேஷன்ல போய்க் கேளு! இந்த வூட்ல கேடி யாருங் கெடயாது, அப்பாவுதான் கீறாரு!"

அண்டை வீடுகளில் பெண்கள் வெளியே வந்து நின்றார்கள். போலீஸ்காரர் குழம்பிப்போய் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. தடியால் இன்னொரு தடவை தட்டினார்.

"யோவ், உள்ள கீறியா இல்லியா?"

அப்பாவு எழுந்தான். வாசலுக்கு வந்தான். எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கன்னியம்மாவும் கரண்டியை ஓங்கின கையோடு, சொல்லுய்யா, நீயே சொல்லு என்கிற முகத்தோடு பார்த்தாள்.

"கேடிதான் சார்," என்றான் அப்பாவு. "இங்கதான் கீறேன்."